பானெட்டைத் திறந்து காட்டியவருக்கு

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

இதைப் பட்டறைக்கு வந்து உங்கள் கையிலேயே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் எதுக்கும்மா" என்று அடுத்த வண்டிக்கு அடியில் போய்விடுவீர்கள். நாலு பேர் படிக்க வேண்டிய விஷயம் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன். பெயர் போடக் கூடாது என்றீர்கள், போடவில்லை. செஞ்சிப் பக்கம் பழைய குவாலிஸோ இனோவாவோ வைத்திருப்பவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்பது எப்படியும் தெரிந்துவிடும்.

அப்பா காலமானபோது எங்களுக்கு விட்டுப்போனது 2003 மாடல் குவாலிஸ் ஒன்று. காரியம் முடிவதற்குள் புரோக்கர்கள் விலை கேட்டு வந்துவிட்டார்கள். பொம்பளைப் பிள்ளை கையில் பழைய டீசல் வண்டி எதற்கு, தள்ளிவிடு என்றார்கள் உறவுக்காரர்கள். நீங்கள் விற்கவும் சொல்லவில்லை, வைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. "மொதல்ல உன் வண்டி என்னன்னு தெரிஞ்சிக்கம்மா, அப்புறம் விக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணு" என்று பானெட்டைத் தூக்கி நிறுத்தினீர்கள். அன்று நீங்கள் ஸ்பானரே எடுக்கவில்லை. டிப்ஸ்டிக் எது, கூலன்ட் டப்பா எது, எந்த ஹோஸ் எங்கே போகிறது, ஃபேன் பெல்ட்டை எந்த இடத்தில் அழுத்திப் பார்ப்பது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்கள். கிளம்பும்போது பணம் எடுத்தேன். வாங்க மறுத்துவிட்டீர்கள்.

அதைத்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வண்டிக்காரருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால் பட்டறைக்கு வரும்படி அதிகம். தம்பி தன்னுடைய வாடகை டி போர்டு இனோவாவை வேறொரு ஊரில் வேலைக்கு விட்டபோது, நன்றாக இருந்த பாகங்களையும் கழற்றி மாற்றி நீளமான பில் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எதற்கு மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "உங்களுக்குப் புரியாது சார்" என்றுதான் பதில் வந்தது. நீங்கள் புரியவைத்தீர்கள். உங்களிடம் வரக்கூடிய பெரிய வேலைகள் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கே சொல்லிக்கொடுத்தீர்கள். என் நன்றி முதலில் அதற்கு.

வண்டியின் பூர்வீகத்தை அதன் பிறகு நானாகத் தேடிப் படித்தேன். ஜப்பான் கம்பெனி வண்டிதான், ஆனால் ஜப்பான் ரோட்டை நினைத்துச் செய்ததில்லை. 1977 முதல் இந்தோனேசியாவில் டொயோட்டா விற்றுவந்த கிஜாங் வண்டியின் மூன்றாம் தலைமுறை, 2000 ஜனவரியில் குவாலிஸ் என்ற பெயரில் இங்கே வந்தது. கர்நாடகத்தில் பிடதியில் இருக்கும் டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலை முதலில் செய்த வண்டி அதுதான். மழை, புழுதி, மேடு பள்ளம், ஒரு குடும்பம் கிளம்பும்போது இன்னொரு குடும்பமும் ஏறிக்கொள்ளும் வழக்கம் எல்லாமே இந்தோனேசியாவுக்கும் நமக்கும் பொது. தனிச் சேசிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், டர்போ இல்லாத 2446 சிசி டீசல் இன்ஜின், 75 குதிரைத் திறன், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. 2005இல் இனோவா வந்ததோடு குவாலிஸை நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் மட்டுமே விற்ற வண்டி, இருபது வருடம் கழித்தும் மேல்மலையனூர் அமாவாசைக்கும் திருவண்ணாமலைப் பௌர்ணமிக்கும் ஆள் ஏற்றிப் போகிறது. அந்தப் பெருமையில் பாதி கம்பெனிக்குப் போகட்டும். மீதி உங்களைப் போன்றவர்களுக்குச் சேர வேண்டியது.

நீங்கள் சொல்லித்தந்த முதல் பாடம் சூடு. "இந்த இன்ஜின் தேஞ்சு செத்து நான் பாத்ததில்ல, சூடாகித்தான் செத்திருக்கு" என்றீர்கள். கத்திரி வெயிலில் நம் ஊர்ப் பாறைகள் ராத்திரி வரைக்கும் அனல் விடும். பௌர்ணமி அன்று திருவண்ணாமலை ரோட்டில் வண்டி அங்குலம் அங்குலமாக நகரும்போது ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ரேடியேட்டருக்குள் காற்றே போகாது, உள்ளே ஆள் நிறைந்திருக்கும். சூடு காட்டும் முள் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டினால் உடனே ஏசியை நிறுத்த வேண்டும், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட வேண்டும், ஓரம் கட்ட வேண்டும். ஆவி வந்தால் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். மூடியைத் திறக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதிக்கிற ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விட அதுவே போதும். இவற்றைப் பலரும் சொல்வார்கள். நீங்கள் சொன்ன இன்னொன்றை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது. கூலன்ட் மொத்தமும் போய் சென்சார் காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். சூடு தணிந்துவிட்டது என்று நம்பி அங்கிருந்து ஊர் வரை ஓட்டுபவர்தான் ஹெட்டைப் பறிகொடுக்கிறார்.

காலையில் சாவி போடுவதற்கு முன் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பார்க்கும் பழக்கமும் நீங்கள் ஏற்படுத்தியதுதான். ராத்திரி முழுக்க ஆறிய ஹோஸ் தளர்ந்திருக்க வேண்டும். காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி விறைத்திருந்தால் சிலிண்டரில் எரியும் வாயு கூலன்டுக்குள் கசிகிறது, கேஸ்கெட்டோ ஹெட்டோ விட ஆரம்பித்துவிட்டது. ஆயில் மூடிக்கு அடியில் வெளுத்த பிசுக்கு இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், அதனால் கூலன்டோடு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். சிவப்புக் கூலன்டில் பச்சையைக் கலக்கக் கூடாது. இவ்வளவும் தினமும் ஐந்து நிமிட வேலை. இதைச் செய்கிற வீட்டில் இந்த இன்ஜின் லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடுகிறது.

அப்புறம் அந்தக் கொள்ளுக்கொடி. தை மாசியில் அவலூர்பேட்டைப் பக்கம், மேல்மலையனூர்ப் பக்கம் ரோட்டிலேயே கொள்ளும் உளுந்தும் பரப்பியிருப்பார்கள்; போகிற வண்டிகள் ஏறி ஏறித்தான் மணி உதிரும். எல்லா ஊரிலும் களம் இல்லை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வண்டிக்கு அது பெரிய ஆபத்து. அம்மாவை அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது கருகல் வாடை வந்தது. உங்களுக்குப் போன் போட்டேன். "ஓரம் கட்டு, காஞ்ச செத்தை மேல நிறுத்தாத. எல்லாரையும் எறக்கு. அடியில புகை இருக்கான்னு தள்ளி நின்னு பாரு" என்றீர்கள். நல்லவேளை, நெருப்புப் பிடிக்கவில்லை. ஆறவிட்டு மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டி வந்தேன்.

சாக்கை விரித்து அடியில் படுத்தீர்கள், என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னீர்கள். கொள்ளுக்கொடி புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டு மணிக்கட்டுத் தடிப்புக்கு முறுக்கேறிப் போயிருந்தது. சைலன்சர் குழாயை உரசிய பக்கம் கருப்பாகப் பொரிந்திருந்தது. உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றால் நீளவாக்கில் அறுத்து, சுருள் சுருளாக உருவிப் போட்டீர்கள். முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். நீங்கள் டார்ச்சைக் கேட்டு வாங்கி, ஷாஃப்ட் பின் ஆக்ஸிலோடு சேரும் இடத்தில் அடித்தீர்கள். ஆயில் சீலின் உதட்டுக்குள் ஒற்றை நார் நுழைந்து, அதன் வழியே கிரவுன் ஆயில் துளித் துளியாக வெளியே வந்து புழுதியோடு ஒட்டியிருந்தது. "இதை இப்படியே விட்டா ஆயில் எறங்கி கிரவுன் சத்தம் போடும். அப்ப நீ பேரிங் போச்சும்ப. போனது இந்த நாரால" என்றீர்கள். சீலை மாற்றி, ஆயிலை நிரப்பி, ஷாஃப்டின் கிராஸுக்கு கிரீஸ் அடித்து அனுப்பினீர்கள். அந்தப் பருவத்தில் இப்போது முடிந்தவரை சுற்றுவழியில் போகிறோம். வழியில்லாமல் செத்தை மேல் ஏறிவிட்டால், அதைத் தாண்டியதும் நிறுத்தி அடியில் பார்க்காமல் தம்பியும் போவதில்லை, நானும் போவதில்லை. இப்படிச் செத்தை சுற்றி வண்டி முழுசாக எரிந்த செய்திகளை எல்லோரும் பத்திரிகையில் படித்திருப்போம்.

ஆள் ஏற்றும் விஷயத்தில் உங்கள் கண்டிப்பு பலருக்குப் பிடிப்பதில்லை. அமாவாசைக்கு இன்னும் நாலு பேரைக் கூடுதலாக ஏற்ற வேண்டும், பின்னால் ஒரு பட்டை சேர்த்துப் போடுங்கள் என்று ஒருவர் கேட்டபோது நான் பட்டறையில் இருந்தேன். "பட்டை சேர்க்கலாம் சார், பிரேக்கை எங்கருந்து சேர்க்கறது?" என்றீர்கள். அவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். போன பிறகு காரணத்தை என்னிடம் சொன்னீர்கள். பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில், பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வால்வு பாரத்தைக் கணக்கிடும். பட்டையைச் சேர்த்தால் பின்பக்கம் அமுங்காது. வண்டி காலியாக இருப்பதாக வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நிறைய ஆள், குறைந்த பிரேக். கையில் வந்த வேலையை இதற்காக விட்ட உங்களை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படிக்கச் சொன்னதும் நீங்கள்தான். 3219 என்று இருந்தால் 2019ஆம் வருடம் 32ஆவது வாரம் செய்த டயர். வீட்டு வண்டி அதிகம் ஓடாது, பட்டன் தேயாது, டயர் புதுசு மாதிரியே தெரியும். ரப்பர் மட்டும் வெயிலில் வெடித்துக்கொண்டே போகும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு நீங்கள் சொல்வதை இங்கே எழுதியே ஆக வேண்டும். மீட்டரை நம்பாதீர்கள். குவாலிஸ் டீசலிலும் 2.5 இனோவாவிலும் டைமிங் பெல்ட், 2016இல் வந்த கிரிஸ்டா டீசலில்தான் செயின். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுபோகும். முன்பு எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் காட்டவில்லை என்றால், வாங்கிய வாரமே பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். ஆயில் கசிந்து பெல்ட்டில் பட்டால் புதுப் பெல்ட்டும் நிற்காது, அதனால் சீலையும் பார்க்க வேண்டும். இனோவாவைக் காலையில் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிட வேண்டும். இன்ஜெக்டர் பக்கம் 'சிக் சிக்' என்று சத்தமும் புகை வாடையும் வந்தால் அதற்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர் விட்டிருக்கும். சின்ன வாஷர்தான். ஆனால் அது விட்டால் கரி ஆயிலில் கலந்து சம்ப்பில் இருக்கும் வடிகட்டியை அடைக்கும், ஆயில் மேலே ஏறாமல் டர்போவும் பேரிங்கும் போகும். மரக்காணம், புதுச்சேரி என்று கடலோரம் ஓடிய வண்டி என்றால் சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

காகிதம் பற்றியும் அதே கறார். தில்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அந்தப் பக்கத்து இனோவாக்கள் மலிவாக இங்கே வருகின்றன. தடையில்லாச் சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. புதுச்சேரியின் பிஒய் நம்பர் வண்டியும் அப்படித்தான். வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும், வரியும் உண்டு. சொந்த வண்டி 15 வருடம் முடிந்ததும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். வெள்ளை போர்டு வண்டியைக் கிரிவலத்துக்கு வாடகைக்கு விடாதே, ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும் என்று நீங்கள் தம்பியைத் திட்டிய பிறகுதான் அவன் டி போர்டு வாங்கினான்.

பாகம் கிடைக்குமா என்று கேட்காமல் வண்டி வாங்கக் கூடாது என்பீர்களே, அது எவ்வளவு சரி என்று எவாலியாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நம் ஒரகடத்திலேயே நிசான் செய்த வண்டி, 2012இல் வந்தது, அருமையான இடவசதி, தள்ளித் திறக்கும் கதவு. சில வருடங்களிலேயே நிறுத்திவிட்டார்கள். வைத்திருப்பவர்கள் இன்று ஒரு கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் அலைகிறார்கள். குவாலிஸுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசு கிடைக்கிறது, புதுப்பேட்டையில் பழசு கிடைக்கிறது. கதவு, கண்ணாடி, சீட் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் வாங்கலாம்; பிரேக், பெல்ட், ஸ்டியரிங் பாகம் எதையும் பழசு வாங்கக் கூடாது என்று நீங்கள் போட்ட கோட்டை நாங்கள் தாண்டியதில்லை.

வண்டி வேலைகளைக் குறித்து வைக்க நீங்கள் போடச் சொன்ன நோட்டைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் சிநேகிதியிடம் சொன்னேன். அவளுடைய அண்ணன் ஜப்பானில் ஓடி இறக்குமதியான டொயோட்டா ஹயஸ் வான் வைத்திருக்கிறார்; அந்த வடிவத்தை அங்கே டொல்பின் என்கிறார்கள். ஜப்பானில் புது வண்டிக்கு மூன்று வருடத்திலும், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்தச் செலவுக்குப் பயந்தே நல்ல நிலையில் இருக்கும்போதே பலர் விற்றுவிடுகிறார்கள், அவை கப்பலேறி இலங்கைக்கு வருகின்றன. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. ஒரே பெயரில் வேறு வேறு இன்ஜின் வரும் என்பதால், அந்த அண்ணன் கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் படம் எடுத்துத் தேதியோடு குறித்து வைக்கிறாராம். 2020இல் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள், 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட வருடங்களில் அந்தக் குறிப்புகள்தான் அவருடைய வானை ரோட்டில் வைத்திருந்தன. எங்கள் நோட்டிலும் இன்று தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், பாக எண், வாங்கிய கடை எல்லாம் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் பாதி அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணமும் உண்டு. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் நம் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெளியூர் வண்டிகள் கூடிக்கொண்டிருக்கின்றன, நம் பிள்ளைகள் பலர் பழைய இனோவா வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்திருக்கிறார்கள். இளசுகள் ராஜகிரி மலை ஏறி இறங்கும் வரைக்கும் பெரியவர்களை வண்டியில் உட்கார வைத்து, வெயிலில் நிறுத்தி, மணிக்கணக்கில் ஏசி போட்டு இன்ஜினை ஓடவிடுகிறார்கள். நின்ற இடத்தில் ஓடும் டீசல் இன்ஜினில் கரிதான் சேரும், சூடும் ஏறும் என்று நீங்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல முடியாது. மரநிழலில் நிறுத்துங்கள், பெரியவர்களைக் கீழே கல்யாண மகால் பக்கம் காற்றாட உட்காரவையுங்கள் என்று நான் சொல்கிறேன். நெடுந்தூரம் விரட்டி வந்தவுடன் சாவியைத் திருகாமல் ஒன்றிரண்டு நிமிடம் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு அணைப்பது வேறு விஷயம், டர்போவுக்கு அது நல்லது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் குவாலிஸுக்கு அடுத்த டைமிங் பெல்ட் மாற்றும் கிலோமீட்டர் நெருங்கிவிட்டது. கார்த்திகை தீபக் கூட்டம் தொடங்கிவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். பெல்ட், டென்ஷனர், ஆயில் சீல் எல்லாம் சென்னையிலிருந்து பில்லோடு வாங்கி வந்துவிட்டேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா போன மாதம் 2012 மாடல் இனோவா வாங்கியிருக்கிறார், சாவி போட்டு ஓட்ட மட்டும் தெரியும் என்கிறார். அவரையும் கூட்டி வருகிறேன். கவரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.


உங்கள் குவாலிஸ்காரப் பெண்,
செஞ்சி.